தலைகீழ் லாம்பு

மஹ்ரிப் தொழுகைக்கு முன் வேன் வந்துவிடும் என்று வெளிநாட்டு வேலை ஏஜென்சிக்காரர் சொல்லியிருந்தார்.

ரிஷாத் பையை மூடிக்கொண்டிருந்தான். அவனுடைய உம்மா உம்மு குல்சும், மாசிச் சம்பல் போத்தலைக் கொண்டுவந்து கையில் திணித்தாள்.

"இது ஒனக்கில்ல, நானாக்கு. கட்டுநாயக்க எயார்போட்டுக்குப் போக முன்னமே நீ திண்டு முடிச்சிராத."

"பாதிய வீட்டில வைங்க உம்மா."

அவள் சிரித்தாள். போன மாதம் ரிஷாத்தின் நானா, மூத்தவன் ஸாஜித்தின் படம் வந்ததிலிருந்து அவளுக்குச் சிரிப்புத் திரும்பியிருந்தது. கம்ப்யூட்டர் வேலைக்கென்று தாய்லாந்துக்குப் போனவன். புதுச் சட்டை, மேசை, சிரித்த முகம். கீழே ஒரு வரி: 'நல்ல வேலை. தம்பியையும் அனுப்புங்க.'

அந்தப் படத்தைச் சட்டம் போட வேண்டும் என்று உம்மா தன் போனைக் கடைக்குட்டி மின்ஹாவிடம் கொடுத்திருந்தாள். யன்னலோரம் நின்று அதைப் பெரிதாக்கிய மின்ஹாவின் விரல் நின்றுவிட்டது.

மேசையில் ஒரு காகிதக் கோப்பை. அதில் பேனையால் வரைந்த சின்னஞ்சிறு அரிக்கன் லாம்பு.

பிள்ளைகள் மூவரும் ஒரே கம்ப்யூட்டரில் முறை வைத்து ஆடிய விளையாட்டில் வரும் இரகசியச் சங்கத்தின் சின்னம் அது. லாம்பு நேராக இருந்தால், வா, பாதை நல்லது. தலைகீழாக இருந்தால், பிடிபட்டுவிட்டேன், என் பெயரில் வரும் எதையும் நம்பாதே.

கோப்பை நிமிர்ந்திருந்தது. லாம்பு தலைகீழாக இருந்தது.

மின்ஹா தன் கண்ணை நம்பவில்லை. தானே எடுக்கும் படத்தில் இடம் வலமாகும், மேல் கீழாகுமா? ஆகாது. அலுமாரிக் கதவின் உட்புறம் ஸாஜித் எப்போதோ வரைந்திருந்த லாம்பையும் போய்ப் பார்த்தாள். அதில் பிடி மேலே இருந்தது. கோப்பையில் பிடி கீழே.

ரிஷாத்தைக் குசினிக்குள் இழுத்துப் போனாள்.

"சின்ன நானா, போகாதங்க. இதப் பாருங்க."

அவன் போனைப் பார்க்கவில்லை. யன்னல் வழியே மூதூர்ப் படகு இறங்குதுறைக்குள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கண்டனான்," என்றான். "படம் வந்த அண்டைக்கே கண்டனான்."

"அப்ப ஏன்…"

"மெல்லக் கதை. உம்மாக்குக் கேக்கும்."

வாசலில் ஹோர்ன் சத்தம் கேட்டது. உம்மா சால்வையைத் தேடி ஓடினாள்.

"அங்க ஒரு ஆள் போனாத்தான் புடிச்சு வெச்சிருக்கிற ஆள விடுவாங்களாம்," என்றான் ரிஷாத். " ஏஜென்சிக்காரரோட கதைச்சு முடிச்சிட்டன். பத்தாம் திகதி நானா வந்திருவார்."

பையைத் தோளில் போட்டுக்கொண்டான். இரண்டடி போய்த் திரும்பினான்.

"வந்தா ஒண்டும் கேக்காத, புள்ள. நான் லாம்பக் கண்டதையும் அவரிட்டச் சொல்லிராத."