நீல ஸ்வெட்டர்

கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் குழந்தையின் பெரியம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

செத்துப்போன தங்கையின் நீல ஸ்வெட்டர். அதைப் போட்டுக்கொண்டு, தங்கை பெற்ற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தங்கை வாழ்ந்த வீட்டு வாசலில் நிற்கிறாள், தங்கை புருஷன் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்தவள்.

"வாங்கக்கா. சொல்லியிருந்தா அவரை ஸ்டேஷனுக்கு அனுப்பியிருப்பேனே."

"உபசாரமெல்லாம் வேண்டாம். வெளியில டாக்ஸி நிக்குது. பிள்ளையைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

புதியவளின் முகம் வெளுத்தது. குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"அவளைப் புதைச்ச ஈரம் காயறதுக்குள்ள அவ துணியை எடுத்து மாட்டிக்கிட்டே. மாட்டினதுதான் மாட்டினே, துவைச்சாவது போடக் கூடாதா? கழுத்துப் பட்டையில அழுக்கு அப்பிக் கிடக்கு. உன்னையே இப்படி வெச்சிருக்கறவ, தாயில்லாப் பிள்ளையை எப்படி வெச்சுப்பே?"

"அவர் பட்டியில இருக்கார். அவர்கிட்ட ஒரு வார்த்தை..."

"கேட்கத்தான் போறேன்."

வீட்டுக்குப் பின்னால்தான் ஆட்டுப் பட்டி. எட்டிப் பார்த்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். தங்கை புருஷன் மண்டியிட்டு உட்கார்ந்து, செத்த ஆட்டுக்குட்டி ஒன்றின் தோலை உரித்துக்கொண்டிருந்தான். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அதைப் பெற்ற தாய் ஆடு.

"அடப்பாவி, பெத்தவ கண்ணு முன்னாடியேவா?"

"ரெண்டு நிமிஷம் பொறுங்கக்கா. இப்ப விட்டா இந்த உசுரும் போயிடும்."

அவன் காலடியில் இன்னொரு குட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. காலையில் பிறந்தது. அதன் தாய் பிழைக்கவில்லை. இதுவரை ஒரு சொட்டுப் பால் உள்ளே போகவில்லை. குட்டியை இழந்த இந்த ஆட்டிடம் விட்டால், மோந்து பார்த்துவிட்டு முட்டித் தள்ளுகிறதாம்.

உரித்த தோலை அந்தக் குட்டிக்குச் சட்டை மாதிரி மாட்டி, ஆட்டிடம் விட்டான்.

ஆடு மோந்தது. தலையைத் தாழ்த்தியது. முட்டத்தான் போகிறது என்று நினைத்த பெரியம்மா, வந்த காரியத்தை மறந்து மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

ஆடு வால் பக்கம் இன்னொரு தடவை மோந்தது. பிறகு அடித்தொண்டையில் மெல்லக் கனைத்து, பின்னங்காலை அகட்டிக் கொடுத்தது. குட்டி குடிக்க ஆரம்பித்தது.

"கண்ணை நம்பாதுக்கா, அதுக்கு எல்லாம் மூக்குதான்" என்றான் அவன், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. "நாலஞ்சு நாள் இவ பாலைக் குடிச்சா, குட்டி மேல இவ வாசனையே ஏறிடும். அப்புறம் தோலைக் கழட்டிடலாம்."

"ஆட்டுக்குப் படற பாட்டைப் பெத்த பிள்ளைக்குப் பட்டிருந்தா நான் ஏன் வர்றேன்?"

வெடுக்கென்று திரும்பியவள், பின்னால் வந்து நின்ற புதியவளிடமிருந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள்.

குழந்தை வீறிட்டது. வில்லாய் வளைந்தது. முதுகைத் தட்டினாள், கொஞ்சினாள், சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினாள். ஒன்றும் பலிக்கவில்லை. அழுத அழுகையில் மூச்சு அடைத்து, உதடு நீலம் பாய ஆரம்பித்தது. பயந்துபோய் அவளே திருப்பி நீட்டினாள்.

குழந்தை ஸ்வெட்டரின் கழுத்துப் பட்டையைக் கொத்தாகப் பிடித்து, மூக்கைப் புதைத்துக்கொண்டது. ஒரு விக்கல். அவ்வளவுதான், அடங்கிவிட்டது.

"வந்த புதுசுல என் கிட்டயே வரமாட்டான்கா. சோறும் இறங்கலை, தூக்கமும் இல்லை" என்றாள் புதியவள், தலை நிமிராமல். "பட்டியில இவர் முன்னாடி ஒரு குட்டிக்கு இப்படித் தோல் மாட்டினதைப் பார்த்துதான் எனக்கு இது தோணுச்சு. துவைச்சா அவங்க வாசனை போயிடுமேன்னு துவைக்கலை. இப்பவே குறைஞ்சுகிட்டு வருது. முழுசாப் போறதுக்குள்ள என் வாசனை அவனுக்குப் பழகிடணும்."

வெளியே டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார்.

பெரியம்மா கைப்பையைத் திறந்தாள். அடியிலிருந்து, வாயை இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்துப் பிரித்தாள். உள்ளே தங்கை கடைசியாகப் போர்த்தியிருந்த சால்வை. துக்கம் தாங்காத நேரங்களில் யாருக்கும் தெரியாமல் பிரித்து, முகத்தைப் புதைத்துவிட்டு, திரும்பக் கட்டி வைப்பாள்.

அதை எடுத்துப் புதியவளின் தோளில் போர்த்தினாள்.

"துவைச்சிடாதே."