நடுத்தரமாக வளைந்த கம்பி

அம்பலவாணனுக்குச் சாவியில்லாமல் பூட்டுத் திறப்பது பொழுதுபோக்கு. மாமியாரின் பீரோவைத் திறந்து காட்டுகிறேன் என்று பூட்டையே கெடுத்துவிட்டு வந்தான். கோபத்தில் மனைவி தேன்மொழி படுக்கையறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாள். அவன் கதவருகே சம்மணமிட்டு உட்கார்ந்து, பூட்டுத் திறக்கும் தன் கம்பிகளைத் தரையில் பரப்பினான்.

"அலை மாதிரி நெளிஞ்சதைப் போடலாமா, நுனி வளைஞ்சதைப் போடலாமா?" என்று முனகினான்.

"நெளிஞ்சது வேணாங்க. அதாலதான் அம்மா பீரோ போச்சு" என்றாள் உள்ளிருந்து.

"வளைஞ்சதுல மூணு இருக்கே."

"நடுத்தரமா வளைஞ்சதை எடுங்க."

"மூணுமே நடுத்தரமாத்தான் தெரியுது."

தேன்மொழி கதவைத் திறந்து, குனிந்து, ஒரு கம்பியை எடுத்து நீட்டினாள்.

அவன் முகம் வாடிவிட்டது. "நீ ஏன் திறந்த? உள்ள போய்ப் பூட்டிக்க, நான் திறக்கிறேன்."

அவள் கம்பிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டாள்.