எந்த மிஸ்?

மாலை வெயில் கணினித் திரையில் பட்டுக் கண் கூசுகிறது. ஆங்கிலப் படத்துக்கு நார்வே மொழியில் வசனம் எழுதும் அவள் ஒரே வரியில் மாட்டிக்கொண்டு நகத்தைக் கடிக்கிறாள். "ஐ மிஸ்ட் யூ" என்கிறான் படத்தில் ஒருவன். நார்வேக்காரர்களுக்கு அந்த ஒரு சொல் போதாது. பஸ்ஸைத் தவறவிட்டாலும் எதையாவது பறிகொடுத்தாலும் 'மிஸ்தெ', குறி தப்பினால், சிரிப்பு வருகிறது, 'பொம்மெ'. ஏங்கினால் மட்டும் 'சாவ்னெ'. முதுகுக்குப் பின்னால் கணவன் இரவு வேலைக்கு ஷூ மாட்டும் சத்தம். ஒரே வீட்டில் இருந்தும் இருவரும் உட்கார்ந்து பேசி நாளாயிற்று.

"நேத்து உன்ன மிஸ் பண்ணேன்."

அவள் நகம் கடிப்பதை நிறுத்துகிறாள். "எந்த மிஸ்?"

"மிஸ்லகூடவா ரகம் இருக்கு? உன் ஆபீஸ் வாசலுக்கு வந்தேன். அதுக்குள்ள மகாராணி கிளம்பியாச்சு."

பஸ் ரகம்தான். மறுபடி திரையைப் பார்க்கிறாள். "எதுக்கு வந்தீங்களாம்?"

"மழை பெஞ்சுதே."

கதவு சாத்தும் சத்தத்துக்குத்தான் திரும்புகிறாள். நேற்று அவள் வீட்டிலேயே மறந்துவிட்டுப் போன குடை, ஈரம் காயாமல் கதவோரம் சாய்ந்திருக்கிறது. சொல்லும்போது அவன் முகம் எப்படி இருந்தது? தெரியவில்லை. படத்தைப் பின்னோக்கி ஓட்டி, அந்த வரியைச் சொல்கிறவனின் முகத்தையே மறுபடி மறுபடி பார்க்கிறாள்.