ஓடினவங்களுக்குத்தான் டப்பா

"அக்கா, அத்தான் ஓடவே இல்லை!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து மாமா போட்ட குண்டு இது.

அம்மா நாளைக் காலைக்கு அப்பாவின் சாப்பாட்டு டப்பாவை நிரப்பிக்கொண்டிருந்தாள். அப்பா சோபாவில். நான் தரையில். மூன்று பேருக்கும் கை அப்படியே நின்றது.

"காலையில பஸ்ஸிலிருந்து பார்த்தேன். மைதானத்து பெஞ்சுல ஜம்முனு உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்."

மேஜைமேல் கிடந்த அப்பாவின் வாட்ச்சை மாமா எடுத்து ஆட்டினார்.

"இதைப் பாரு. இன்னிக்குப் பத்து கிலோமீட்டர் ஓடினதாச் சொல்லுது. ஓடினது யாரு, பெஞ்சா?"

அப்பாவுக்குச் சர்க்கரை. எடையைக் குறைத்தே ஆகணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு வேலை ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில். நோயாளிக்கு நோயாளி தட்டை அளந்து அனுப்புகிறவள். வீட்டிலும் அதே சட்டம்தான். ஓட்டத்தில் எவ்வளவு எரிந்தது என்று வாட்ச் காட்டும்; அதைப் பார்த்துத்தான் மறுநாள் டப்பா.

"ஓடுறவங்க பட்டினி கிடக்கக் கூடாது. கொழுப்பு கரையறதுக்கு முன்னால உசுரு கரைஞ்சிடும்" என்பாள். ஓடினால் டப்பா. ஓடாவிட்டால் கிடையாது.

"ரெண்டு மாசமா டப்பா டப்பாவா உள்ளே போகுது. ஒரு சட்டைப் பொத்தானாவது தளர்ந்துச்சா?" என்றார் மாமா, எங்கள் பிஸ்கட்டில் நாலாவதை வாயில் போட்டபடி.

அப்பாவுக்கு வேர்த்தது. இந்த ரெண்டு மாசத்தில் அவருக்கு வேர்த்து இப்போதுதான் பார்க்கிறேன்.

எனக்கும் வேர்த்தது. அந்த டப்பா யார் வயிற்றுக்குப் போகிறது என்று அப்பாவை விட்டால் எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் அக்காவுக்கு.

கல்யாணம் வேண்டாம், தீயணைப்புப் படையில்தான் சேருவேன் என்று அம்மாவோடு மல்லுக்கட்டி, விடுதி அறைக்குப் போய்விட்டவள். "என் அடுப்புல வெந்த ஒரு பருக்கைகூட அவளுக்குப் போகக் கூடாது" என்று அம்மா. "உன் கையால ஒரு வாய் தின்னா என் பேரை மாத்திக்கிறேன்" என்று அவள். ஒருத்திக்கு ஒருத்தி சளைத்தவள் இல்லை.

படையில் சேர எடையும் குறையணும், நெடுந்தூரமும் ஓடணும். எடை இறங்கட்டும் என்று அக்கா வெறும் வயிற்றோடு ஓடினாள். ஒருநாள் மைதானத்திலேயே சுருண்டு விழுந்தாள். அன்றிலிருந்து காலையில் ஓடி முடிக்கும்வரை அப்பாவின் வாட்ச் அவள் கையில், டப்பா அவள் மடியில். "நானே பண்ணினதும்மா" என்பார் அப்பா. வெந்நீர் வைத்தாலும் அடிப்பிடிக்க விடுகிற மனுஷன். இருந்த பசியில் அவளும் நம்பிவிட்டாள்.

தேர்வு நாளைக் காலை.

"அந்த டப்பாவைக் கொட்டு அக்கா! நாளைக்கு நானே அத்தான்கூடப் போறேன். ஓட வைக்கிறேனா இல்லையா பாரு!"

போச்சு. மாமா வந்தால் குட்டு உடையும். டப்பா போகாவிட்டால் அவள் மறுபடி வெறும் வயிற்றோடு ஓடுவாள். மறுபடி விழுவாள். அதோடு எல்லாம் முடிந்தது.

அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"ஓடினீங்களா, இல்லையா?"

"ஓட்டம்... நடந்தது" என்றார் அப்பா.

"கேட்டியா அக்கா, பதிலைப் பாரு!"

"நீ வீட்டுக்குப் போடா. நான் பார்த்துக்கறேன்."

"இல்லக்கா, நாளைக்கு நான்..."

"மாடிப்படி ஏறவே ரெண்டு தடவை உட்கார்றவன் நீ. போடா!"

மாமா ஐந்தாவது பிஸ்கட்டோடு கிளம்பினார்.

கதவு மூடிக்கொண்டது. அம்மா வாட்ச்சை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு டப்பாவைத் திறந்தாள். உள்ளே இருந்த முட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள்.

"அம்மா, வேணாம்மா..." என்னால் அடக்க முடியவில்லை.

"வாயை மூடு."

முட்டை இருந்த இடத்தில் வாழைப்பழம் வைத்தாள். ஜாம் தடவிய ரொட்டி வைத்தாள். முட்டைகளைத் தனியாக ஒரு காகிதத்தில் சுற்றினாள்.

"பழமும் ரொட்டியும் எடை பார்த்து முடிச்ச உடனே. முட்டை ஓடி முடிச்ச பிறகு. மாத்திக் குடுத்துடாதீங்க, பாதி ஓட்டத்துல வயித்தைப் பிடிச்சிக்கும்."

அப்பா டப்பாவை எட்டிப் பார்த்தார். "யா... யாருக்கு?"

அம்மா வாட்ச்சின் வாரை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"ரெண்டு மாசமா இந்த உள் ஓட்டைதான் தேஞ்சிருக்கு. உங்க கை இதுக்குள்ள நுழையுமா?"

அப்பா தன் மணிக்கட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"தெரிஞ்சுதான் தினமும் அளந்து போட்டியா?"

"நாளன்னிக்கிலேருந்து நீங்க ஓடறீங்க. அது தனி."

அம்மா மூடியை அழுத்தி மூடி, டப்பாவை அவர் கையில் வைத்தாள்.

"நாளைக்கும் நீங்க பண்ணினதாவே சொல்லுங்க. நான் போட்டதுன்னு தெரிஞ்சா அந்த ரோஷக்காரி வெறும் வயித்தோட ஓடுவா."