இரண்டு பொட்டுகள்

'பூட்டியாச்சு' என்று பச்சை விளக்கு போட்டுக் காட்டும் ப்ரோக்ராமை எழுதிய மேதை நான்தான். எதிரெதிரான இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே லேசர் ஒளியைச் சரியான இடத்தில் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. அது ஒன்பது நாட்களாகத் தப்பான இடத்தில் பிடித்துக்கொண்டு பச்சையாகச் சிரித்திருக்கிறது. சரியாகப் பிடித்தால் கேமராத் திரையில் ஒளி ஒரே பொட்டாகத் தெரியும், தப்பென்றால் இரண்டு. முதல் நாளே இரண்டைப் பார்த்தேன். திரைதான் அழுக்கென்று சட்டை நுனியால் துடைத்தேன். போகவில்லை, பழைய திரை என்று விட்டுவிட்டேன். அதை நம்பி லேப் சீனியர் அக்கா எடுத்த ஒன்பது நாள் அளவீடும் குப்பை. மாதக் கடைசியில் அவர் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். இப்போது எனக்கு முதுகைக் காட்டியபடி ப்ரோக்ராமை நிறுத்திவிட்டுக் கண்ணாடியின் குமிழைக் கையால் திருகுகிறார். ஏசி இரைகிறது. கறுப்புத் திரைச்சீலையின் ஓரத்தில் சிவப்பு ஒளி கசிகிறது. திரையில் இரண்டு பொட்டுகள் நடுங்கி மறைந்து ஒன்றாக எழுகின்றன. "டீ வாங்கிட்டு வரவாக்கா?" அவர் நோட்டில் ஒரு எண்ணைக் குறித்துக்கொள்கிறார். "ப்ரோக்ராமைத் திருத்திட்டேன்க்கா, ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாக்கலாமா?" டேப்பைப் பல்லால் கிழித்துப் பச்சை விளக்கின் மேல் ஒட்டுகிறார். "அப்படியே என் வாயிலயும் ஒரு துண்டு ஒட்டிடுங்க." டேப்பை மேசையில் வைக்கிறார். "கோவம் ப்ரோக்ராம் மேலயா, என் மேலயா? அதையாவது சொல்லுங்கக்கா." பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரும்புகிறார். மூக்கில் சிவந்த தடம். "உன் மேலதான். ப்ரோக்ராமுக்குக் கண்ணு கிடையாது. உனக்கு இருந்துச்சு."