பன்னிரண்டாவது பானை

சொந்த அடுப்பில் பானை கொதிக்க வைப்பவனுக்குத்தான் அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் கார்ன்வால் தொகுதி ஒன்றில் பார்லிமெண்ட் ஓட்டு. வாக்காளர் பட்டியல் எடுக்க வந்த அதிகாரி நாங்கிவெல்லுக்கு ஏழை வீட்டு வாடையே குமட்டியது.

முதல் வீட்டில் பானை மூடியைத் திறந்தார். கோசுக் கஞ்சி.

"த்தூ! இந்தக் கழனித்தண்ணிக்கு ஒரு ஓட்டா?" என்று வாயிலிருந்த புகையிலைச் சக்கையைப் பானைக்குள்ளேயே துப்பினார்.

"கொதிக்குதுல்ல தொரை? பேரை எழுதுங்க," என்றான் வீட்டுக்காரன் ஜாகோ.

அடுத்தடுத்த வீடுகளிலும் கோசுக் கஞ்சிதான் கொதித்தது. எரிச்சலோடு எழுதிக்கொண்டே போனார். பன்னிரண்டாவது வீட்டில் பசி தாங்கவில்லை. அந்த வீட்டுக்காரன் பெரான் கிண்ணம் நிறைய ஊற்றிக் கொடுத்தான்.

"இதுதான்யா கஞ்சி! அந்த ஜாகோ வீட்டுல வச்சிருந்தானே..." என்று உறிஞ்சினார் நாங்கிவெல்.

பல்லில் ஏதோ நெருடியது. உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார். அவருடைய புகையிலைச் சக்கை.

"அடப்பாவிகளா! ஊருக்கே ஒரே பானையா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு மேலிடத்துல கேப்பாங்களே தொரை," என்றான் பெரான். "சொல்றீங்களா, இல்ல என் பேரை எழுதுறீங்களா?"

நாங்கிவெல் எழுதினார்.