ஊதா நிறப் பாய்

மருமகள் தன் கட்டிலடியில் ஒளித்து வைத்திருந்த ஊதா நிற யோகா பாயோடு மாமியார் வந்து நின்றார். தையல் வகுப்பு என்று சொல்லித்தான் அவள் மூன்று மாதமாக யோகாவுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"தந்திர யோகா அத்தை. பில்லி சூனியமெல்லாம் இல்ல. உடம்பையே கோயிலா நினைக்கணும். ஆசை, கோபம் எதையும் வெறுத்து ஒதுக்காம கவனிக்கணும். எல்லாமே சக்திதான்."

"கோபத்தைக் கவனிச்சா?"

"அதுவே தெம்பா மாறுமாம். நிறுத்தச் சொல்லிடாதீங்க அத்தை."

"இந்தப் பாய் உன்னுதுதானா? நல்லாப் பார்த்துச் சொல்லு."

"வகுப்புல எல்லாருக்கும் தந்தது. என்னுதுதான்."

மாமியார் பொத்தென்று கட்டிலில் உட்கார்ந்தார்.

"அப்பாடா. வாக்கிங்னு பொய் சொல்லிட்டு நான் காலையில அங்கதான் போறேன். என் பாயைத்தான் நீ கண்டுபிடிச்சு எடுத்துட்டியோன்னு பயந்துட்டேன்."